வாவியில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவி, வாழைச்சேனை, பனிச்சங்கேணி, தெற்கே கோமாரி, அறுகம்பைக் களப்புகள் என்று நம்ம பக்கத்தில் பொழுதுபோக்காக றொட்டும் (தூண்டில் தடி) றீலும் (நூல் சுற்றும் சாமான்) கொண்டு இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நூலின் பலத்தைக் கடையில் விற்கிற மாதிரியே இறாத்தலில் தந்திருக்கிறோம், லூரின் (சிறு மீன்போல் ஆட்டிக் காட்டும் செயற்கை இரை) எடையைக் கிராமில்.

யூடியூப்பில் காட்டும் ‘பாஸ்’ மீன் நம்ம வாவியில் இருக்கிறதா?

இல்லை. அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். வட அமெரிக்காவின் ஏரி, ஆறுகளைச் சொந்த இடமாகக் கொண்ட நன்னீர் மீன் அது. 1932இல் ஜோர்ஜியாவில் பிடிபட்ட 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீனும், 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட மீனும்தான் அதன் உலக சாதனையைப் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. அதாவது கிட்டத்தட்ட பத்துக் கிலோ. ஒரு நல்ல கொடுவா அதைச் சும்மா தாண்டி வளரும்.

ஆனால் இரண்டின் வேட்டையும் ஒரே மாதிரி: மரவேர், தூண், கல் என்று ஒன்றன் ஓரமாக அசையாமல் நின்று, பக்கத்தில் வரும் சிறு மீனை ஒரே பாய்ச்சலில் வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பாஸுக்கென்று செய்த லூர்களும் அவற்றை ஆட்டும் முறையும் கொடுவாவிடமும் எடுபடும். எடுபடாதவை மூன்று: அவர்களின் லேசான லீடர் (நூலுக்கும் லூருக்கும் இடையில் கட்டும் தனித் துண்டு), லூரில் வரும் மெல்லிய மும்முனைத் தூண்டில், உப்புத் தண்ணீரைத் தாங்காத மலிவு றீல். இங்கே மீன் தவறுவதில் முக்கால்வாசி முதல் இரண்டினால்தான். காசு அளவாக இருந்தால் றொட்டில் மிச்சம் பிடித்து, நூலின் கடைசி ஒரு மீற்றரில் செலவழியுங்கள்.

முதல் றொட், றீல் என்ன வாங்கலாம்?

7 அடி, மீடியம்-ஹெவி, நூல் அளவு 10–20 இறாத்தல், லூர் அளவு 10–30 கிராம் என்று பிடிக்கு மேலே எழுதியிருக்கும் ஸ்பின்னிங் றொட். அதற்கு 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் றீல். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இரண்டு துண்டாகக் கழற்றும் றொட் வசதி. கண்டல் கிளைகளுக்குக் கீழே நின்று வீசுவதென்றால் ஆறரை அடி போதும். கடற்கரையில் பாவிக்கும் 10, 12 அடித் தடி வாவி லூருக்குச் சரிவராது. தூரம் போகும், ஆனால் நாள் முழுக்க வீசிக் கையும் ஓய்ந்துவிடும், லூரை நுணுக்கமாக ஆட்டவும் முடியாது.

பெயிட்காஸ்டர் றீல் (வீசும்போது நூல் சுற்றிய ஸ்பூலே சுழலும் வகை) நல்ல சாமான்தான். முதல் றீலாக வேண்டாம். எதிர்க்காற்றில் நூல் பந்தாகச் சுற்றிக்கொண்டால் அன்றைய காலை அதை அவிழ்ப்பதிலேயே போய்விடும்.

கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு துணுக்குப் பஞ்சை றொட்டின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுத் துடையுங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அந்த வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, பிரேட் நூலை (மெல்லிய இழைகளைப் பின்னிய நூல்) அது அறுத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது, றீலின் ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நூலை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிடி) பாதி இறுக்கி நூலைக் கையால் மெதுவாக இழுங்கள். தடங்கித் தடங்கி வந்தால் வேறு றீல் பாருங்கள். விலையோ கம்பனிப் பெயரோ இதைச் சொல்லாது.

பிரேட் நூலா, தங்கூசியா (ஒற்றை இழை நைலோன்)?

லூருக்குப் பிரேட், 20 முதல் 30 இறாத்தல். அதே பலமுள்ள தங்கூசியை விட மெல்லிசு என்பதால் தூரம் போகும். இழுபடாததால் சிறு தட்டும் கைக்குத் தெரியும். 150 மீற்றர் தாராளம். ஸ்பூலில் நேரடியாகப் பிரேட் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கிச் சுழலும். முதலில் பத்துப் பதினைந்து சுற்றுத் தங்கூசி சுற்றி அதில் பிரேட்டை முடிச்சுப் போடுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் குறைவாக நிறுத்துங்கள். முட்ட நிரப்பினால் வீசும்போது நூல் கொத்தாகக் கழன்று சிக்கும். வீசியதும் றீலின் வளைகம்பியைக் கையால் மூடி, நூலை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றினால் சிக்கு வெகுவாகக் குறையும்.

உயிர் இரை போட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு 25–30 இறாத்தல் தங்கூசியே போதும்.

மீன் எடுக்கிறது, இரண்டு நிமிடத்தில் நூல் அறுந்துவிடுகிறது. ஏன்?

அறுந்த நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் செவுள் மூடியின் வேலை: கொடுவாவுக்குப் பெரிய பல் கிடையாது, ஆனால் செவுள் மூடியின் விளிம்பு சவர அலகு போல இருக்கும். கடைசி அரை மீற்றர் சொரசொரப்பாகத் தேய்ந்து வெள்ளையாகியிருந்தால் மீன் பாலத் தூணையோ மட்டி ஒட்டிய கல்லையோ சுற்றி ஓடியிருக்கிறது. அல்லது அதன் அரம் போன்ற உதடே அராவியிருக்கிறது.

வழுக்கிய முடிச்சுக்கு மருந்து கீழே சொல்லும் முடிச்சு, மற்றவற்றுக்கு மருந்து லீடர்தான். 40–50 இறாத்தல் தங்கூசி அல்லது ஃப்ளோரோகார்பன், 1 முதல் 1.5 மீற்றர். பாலத்தடியிலும் கல்லணையிலும் 60. கம்பி லீடர் தேவையில்லை. அது லூரின் ஆட்டத்தைக் கெடுக்கும். கூரிய பல் கொண்ட ஊழி மீன் திரிகிற முகத்துவாரத்தில் மட்டும் 15 சென்ரிமீற்றர் மெல்லிய கம்பி போடலாம். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி முழத்தை விரல் நகத்துக்கிடையில் இழுத்துப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள், சோம்பல் வேண்டாம்.

பிரேட்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மெல்லிசு, பலமும் கூட. ஆனால் தோணி ஆடும்போது, இருட்டில், கைப் பழக்கமில்லாமல் கட்டிய எஃப்ஜியை விட ஒழுங்காகக் கட்டிய இரட்டை யூனி மேல். இரண்டு நூலையும் எதிரெதிராக 25 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். லீடரின் நுனியைத் திருப்பி ஒரு வளையம் விட்டு, அந்த வளையத்துக்குள்ளால் இரண்டு நூலையும் சேர்த்து 3 அல்லது 4 சுற்று. பிரேட்டின் நுனியாலும் அப்படியே, ஆனால் 8 சுற்று. பிரேட் வழுக்கும் என்பதால்தான் இரட்டிப்பு. எச்சிலால் நனைத்து ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாக இறுக்குங்கள், பிறகு இரண்டு முதன்மை நூல்களையும் இழுத்தால் முடிச்சுகள் வழுக்கி வந்து முட்டும். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் தங்கூசி அந்த இடத்திலேயே பலவீனப்படும். முட்டியதும் கையில் துணி சுற்றிக்கொண்டு முழுப் பலத்தோடு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அறுவதென்றால் கரையிலேயே அறட்டும்.

லூரை லீடரில் இறுக்கமாகக் கட்டாமல் சிறு வளையம் விட்டுக் கட்டுங்கள். தடித்த லீடர் லூரின் மூக்கைப் பிடித்து வைத்திருந்தால் அது கட்டைபோல வரும்.

ட்ராக் எவ்வளவு இறுக்குவது?

நூல் பலத்தில் கால் பங்கு. 30 இறாத்தல் நூல் என்றால் ஏறத்தாழ 3.4 கிலோ, 20 இறாத்தல் என்றால் 2.3 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடுவது பெரும்பாலும் பிழைக்கும். றொட்டை வளைத்துப் பிடித்து நூல் நுனியில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசைக் கட்டி இழுத்துப் பாருங்கள். பாலத் தூண் பக்கத்தில் கொஞ்சம் கூட்டலாம். மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது குமிழைத் திருகாதீர்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அறும்.

தூண்டில் நிமிர்ந்து வந்துவிட்டது. மலிவு லூர் என்பதாலா?

பல நல்ல லூர்களிலும் வருகிற மும்முனைத் தூண்டில் நன்னீர் பாஸுக்கான கம்பி கொண்டதுதான். வாங்கியவுடன் அதைக் கழற்றிவிட்டு, பெட்டியில் 3எக்ஸ் அல்லது 4எக்ஸ் (வழக்கத்தை விடப் பலமான கம்பி) என்று எழுதிய, உப்புத் தண்ணீருக்கான தூண்டில் மாட்டுங்கள். அதைப் பிடித்திருக்கும் பிளவு வளையத்தையும் மாற்றுங்கள். தூண்டிலை மட்டும் மாற்றி வளையத்தை விட்டால் அடுத்த மீன் வளையத்தை விரித்துவிட்டுப் போகும். மாற்றிய பின் லூரைக் கரையோரத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதக்கும் லூர் பாரம் கூடி மூழ்கத் தொடங்கினால் ஓர் அளவு சிறிய தூண்டில் போடுங்கள்.

எத்தனை லூர் வேண்டும்? என்ன நிறம்?

மூன்று வகை போதும். ஒன்று, 9–12 சென்ரிமீற்றர் நீள மினோ (ஒல்லியான சிறு மீன் வடிவ லூர்), ஒரு மீற்றருக்கு மேல் மூழ்காதது. வாவியின் பெரும்பகுதி ஆளுயரத்துக்கும் குறைவான ஆழம், ஆழ மூழ்கும் லூர் சேற்றைத்தான் உழும். இரண்டு, துடுப்பு வால் கொண்ட 4 அங்குல ரப்பர் மீன், 7–10 கிராம் ஜிக் தலை (தூண்டிலோடு சேர்ந்த ஈயத் தலை), 4/0 அல்லது 5/0 அளவுத் தூண்டில். சாதாளையும் வேரும் உள்ள இடத்துக்கு, முனை ரப்பருக்குள் மறையும்படி மாட்டும் வளைந்த தூண்டில். மூன்று, விடியலுக்கும் மைமலுக்கும் ஒரு மேல்மட்ட லூர்.

நிறத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருந்தால் வெள்ளி, மணலைக் குஞ்சின் நிறம். மாரி வெள்ளத்தில் தேத்தண்ணி நிறமானால் பொன் அல்லது பளிச்சென்ற பச்சை. இரவில் கறுப்பு, மீன் கீழிருந்து பார்க்கும்போது நிழல் உருவம் அதில்தான் தெளிவு.

லூரை எப்படி ஆட்டுவது? நேராகச் சுற்றிக்கொண்டு வந்தால் ஒன்றும் எடுக்கவில்லை.

நிறுத்துங்கள். கொடுவாவுக்கு ஓடுகிற இரையை விட தடுமாறி நிற்கிற இரையில்தான் ஆசை. மினோவை வீசியதும் நாலைந்து சுற்றில் ஆழத்துக்கு இறக்குங்கள். பிறகு றொட் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, இரண்டு சிறு வெட்டு இழுப்பு, நிறுத்தம். நிறுத்தம் இரண்டு மூன்று விநாடி. தண்ணீர் குளிர்ந்த தை மாதக் காலையில் ஐந்து விநாடி கூட. எடுப்பு அனேகமாக அந்த நிறுத்தத்தில்தான் வரும், நூல் தொய்ந்திருக்கும் நேரத்தில். அதனால் நிறுத்தும்போது லூர் நகராத அளவுக்கு மட்டும் தொய்வை எடுத்து வைத்திருங்கள்.

ரப்பர் மீனை அடிவரை விட்டு, மெதுவாக மூன்று சுற்று, மறுபடி அடியில் உட்கார விடுங்கள். சேறு ஒட்டி வந்தால் ஜிக் தலை பாரம் கூட. இரண்டு கிராம் குறையுங்கள்.

மேல்மட்ட லூரில் ‘பொம்’ என்று சத்தம் கேட்டதும் றொட்டை வெட்டாதீர்கள். கொடுவா கடிப்பதில்லை, தண்ணீரோடு உறிஞ்சுகிறது. பல தடவை முதல் உறிஞ்சலில் லூர் வாய்க்குள் போயிருக்காது. பாரம் கையில் தெரிந்த பிறகு இழுங்கள். சத்தம் மட்டும் கேட்டுப் பாரம் வராவிட்டால் லூரை அங்கேயே விட்டு லேசாக நடுங்கச் செய்யுங்கள், திரும்பி வரும்.

ஓர் இடத்தில் இருபது வீச்சு ஒரே கோணத்தில் போடுவதை விட, தூணின் இரு பக்கமும், முன்னும் பின்னும் என்று நாலு கோணத்தில் மூன்று மூன்று வீச்சு மேல்.

எங்கே, எந்த நேரம்?

ஓடுகிற தண்ணீர், பக்கத்தில் ஏதாவது ஒரு தடை. இந்த இரண்டும் சேருகிற இடம். கிழக்குக் கரையில் வற்றுப் பெருக்கு முழத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதனால் வாவியின் நடுவில் நீரோட்டம் தெரியாது. முகத்துவாரங்களிலும் பாலங்களுக்குக் கீழும், தண்ணீர் ஒடுங்கிப் போகிற இடங்களில் மட்டும் தெரியும். மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்வது இரண்டு இடத்தில்: பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கோடையில் மணல் திட்டு வாயை மூடி வைத்திருக்கும். மாரியில் வெள்ளம் உடைக்கும், அல்லது வெட்டிவிடுவார்கள். வாய் திறந்து வெள்ளம் கொஞ்சம் தெளியத் தொடங்கும் நாட்கள் ஆண்டின் நல்ல காலம். கொடுவா முட்டையிடுவது உப்புக் கூடிய வாய்ப்பக்கத் தண்ணீரில், வளர்வது உள்ளே. போக்குவரத்து அந்த ஒடுக்கத்தால்தான்.

அமாவாசை, பூரணை அண்டிய நாட்களில் ஓட்டம் கூட. வற்றுகிற தண்ணீரின் கடைசி இரண்டு மணித்தியாலம், கரையோரச் சிறு மீன் ஆழப் பள்ளத்துக்கு இறங்கும் நேரம், அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வீசுங்கள்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில், வைகாசிக்குப் பிறகு, பலரும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நிற்பார்கள். காற்று முதுகுக்குப் பின்னால், லூர் பறக்கும். வீசுவதற்குச் சுகம், மீனுக்கு அல்ல. காற்று மேல்தண்ணீரையும் மணலைக் குஞ்சுகளையும் கிழக்கே எழுவான்கரைக்குத் தள்ளுகிறது, கொடுவாவும் அங்கேதான் போகும். எதிர்க்காற்றில் 20 கிராமுக்குக் குறையாத லூரைத் தாழ வீசுங்கள், பதினைந்து மீற்றர் போனாலே போதும், ஏனென்றால் மீன் கரைக்குக் கிட்ட. காற்று எழும்ப முன், விடியற்காலையில் முடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

இரவில் பால விளக்கின் ஒளி தண்ணீரில் விழும் எல்லையைப் பாருங்கள். கொடுவா நிழலுக்குள், ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஓட்டத்துக்கு மேல்பக்கம் வெளிச்சத்தில் வீசி, லூர் நிழலுக்குள் தானாக இழுபட்டுப் போக விடுங்கள். நிழலுக்குள் நேரே போட்டால் கலைந்துவிடும். பாலத்தில் நின்று பிடிப்பவர்களுக்கு இரண்டு விடயம்: வீசும்போது பின்னால் வாகனமும் ஆளும் இருக்கிறதா என்று பாருங்கள், மீனை நூலால் தூக்காதீர்கள். கயிறு கட்டிய வளைய வலையைக் கீழே இறக்கி, மீனை அதற்குள் கொண்டுவந்து தூக்குங்கள்.

உயிர் இரை போடுவதென்றால்?

இறால் முதலாவது, மணலைக் குஞ்சு இரண்டாவது. இறாலைத் தலைக் கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளிக்கு முன்னால் குத்துங்கள். புள்ளியில் குத்தினால் உடனே சாகும். ஓட்டத்தில் வாலின் கடைசிக் கணு நல்லது. வாய் வளைந்த சேர்க்கிள் தூண்டில் 5/0 முதல் 7/0, அரை மீற்றர் லீடர், மிதப்பு, ஓட்டத்துக்கேற்ற சிறு ஈயம். சேர்க்கிள் தூண்டிலில் றொட்டை வெட்டி இழுத்தால் வாயிலிருந்து கழன்று வரும். நூல் ஓடத் தொடங்கியதும் மெதுவாகச் சுற்றி இறுக்கினால் போதும், தானாக வாய் மூலையில் ஏறும்.

பாய்ந்து தலையை உதறி லூரைத் துப்பிவிடுகிறது.

நூல் மேலே ஏறத் தொடங்கினால் பாயப் போகிறது என்று அர்த்தம். அந்தக் கணமே றொட் நுனியைத் தண்ணீருக்குள்ளே தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். அப்படியும் பாய்ந்தால் நூலைத் தொய்ய விடாதீர்கள். தூண்டில் முனை மழுங்கியிருந்தாலும் இதே கதை. நகத்தின் மேல் வைத்து லேசாக இழுக்க, வழுக்காமல் நிற்க வேண்டும்.

உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களில் இதே சாமான் சரிவருமா?

அங்கே குறி விரால். ஆற்றுவாழைக்கும் தாமரைக்கும் இடையில் 40–50 இறாத்தல் பிரேட், உள்ளே வெறுமையான ரப்பர் தவளை. பாஸ் ஆட்களின் தவளை முறை அப்படியே பொருந்துகிற ஒரே இடம் இதுதான். தவளை மறைந்ததும் ஒரு விநாடி பொறுத்துப் பலமாக இழுங்கள், நிறுத்தாமல் செடிக்கு வெளியே கொண்டு வாருங்கள். மேல்மட்டத்தில் செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. தவளைக்கு நிச்சயம் பாயும், ஆனால் பிடிக்காதீர்கள். காவல் போனால் அந்தக் கூட்டமே போகும். மாலையில் யானை இறங்கும் கரைகளைப் பற்றி ஊராரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலை?

வாவியிலும் இருக்கிறது, குளத்திலும் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வீசாதீர்கள். இரவில் தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள். மாட்டிய லூரை எடுக்க இறங்குவதை விட நூலை அறுத்துவிடுவது மலிவு. மீன் வெட்டிய குடலைக் கரையில் போட்டுவிட்டு மறுநாள் அதே இடத்தில் நிற்க வேண்டாம்.

அனுமதி ஏதும் தேவையா?

குமண, கல்லோயா தேசிய பூங்காக்களின் எல்லைக்குள் தூண்டில் போடக் கூடாது. மற்ற இடங்களில், போகுமுன் மாவட்டக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்கள அலுவலகத்திலும் அந்தத் துறையின் மீனவர் சங்கத்திலும் கேளுங்கள். வலை, நண்டுக் கூடு, மிதப்பு உள்ள பக்கம் வீசாதீர்கள். லூர் வலையில் மாட்டினால் உங்கள் லீடரை வெட்டுங்கள், வலையை அல்ல. அது இன்னொருவரின் சாப்பாடு.

எதை விடுவது, எப்படி விடுவது?

கொடுவா ஆணாக முதிர்ந்து, பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை எல்லாம் முட்டையிடும் பெட்டை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120க்குக் கூடியதையும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நம்ம பக்கம் கறிக்கு 60–70 சென்ரிமீற்றர், மூன்று நாலு கிலோ மீன் தாராளம். மற்றதை விடலாம்.

விடப் போகும் மீனை ரப்பர் அத்தாங்கில் எடுத்து, கையை நனைத்து, ஒரு கை கீழ்த்தாடையிலும் மறு கை வயிற்றுக்குக் கீழும் கிடையாகப் பிடியுங்கள். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் பாரமான மீனின் கழுத்தெலும்பு விலகும். செவுள் மூடிக்குப் பக்கத்தில் விரல் வைக்காதீர்கள், தையல் போட வேண்டி வரும். எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் தூண்டில் சுலபமாகக் கழலும், கையில் ஏறினாலும் அப்படியே.

றீல் ஆறு மாதத்தில் கரகரக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ட்ராக் குமிழை முழுக்க இறுக்கி, குழாய்த் தண்ணீரை மெல்லிசாக விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பைப் பெயரிங்குக்குள் தள்ளுவீர்கள். துடைத்து நிழலில் காயவிட்டு, பிறகு ட்ராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் அமுங்கி அடுத்த தடவை தடங்கும். நூல் உருளைக்கும் கைப்பிடி மூட்டுக்கும் ஒரு சொட்டு றீல் எண்ணெய். தேங்காயெண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். லூர்களையும் அதே தண்ணீரில் அலசிக் காயவிட்ட பிறகே பெட்டியில் போடுங்கள். ஒரு துருப்பிடித்த தூண்டில் பெட்டி முழுவதையும் கெடுக்கும்.